முடிந்து வைத்த ஐந்து சதம்

என் மாமனாரின் புடவைக் கடையில், காசு போடும் இழுப்பறையான லாச்சிக்கு மேலே, கைக்கடிகாரம் வைத்து விற்கிற சிறிய கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி. துணியின் நடுவே ஓர் ஐந்து சதக் குற்றி. மன்னரின் தலை பொறித்த பழைய பித்தளைக் குற்றி அது. சதுர வடிவம், மூலைகள் மழுங்கியவை. அந்தக் காசுக்கு எந்தக் கடையிலும் ஒன்றும் வாங்க முடியாத காலம் எப்போதோ வந்துவிட்டிருந்தது.

அது அவருடைய முதல் வியாபாரத்தின் காசு. இளவயதில் சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நாவிதன்வெளிப் பக்கம் ஊசி, நூல், ரிப்பன், சீப்பு விற்கப் போனவர் அவர். முதல் நாள் மதியம் வரை அவரை ஒருவரும் நிறுத்தவில்லை. வயலுக்குச் சோறு கொண்டுபோன ஒரு பெண் வரம்பில் நின்று கூப்பிட்டு, குழந்தையின் அரையில் கட்டக் கறுப்பு நூல் கேட்டிருக்கிறார். நூலை வாங்கிக்கொண்டு இந்தக் குற்றியைக் கொடுத்திருக்கிறார். இந்தக் கதையை மாமா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட ஒரு வார்த்தை கூட்டியதில்லை.

ஆனால் அந்தக் குற்றியை அவர் தொடக்கத்திலிருந்தே போற்றி வைத்திருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. நான் அந்தக் குடும்பத்தில் கலியாணம் முடித்த காலத்தில், அது லாச்சியின் மூலையில் குண்டூசிகளோடும் துணியில் கோடு போடும் தேய்ந்த சோக்கட்டிகளோடும் கிடந்தது. அதைக் கண்ணாடிக்குள் ஏற்றியவன் என் மச்சான்; மாமாவின் ஒரே மகன், என் மனைவியின் தம்பி.

எங்கள் பக்கத்தில் ஆண்தான் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போவான். அதனால் நான் மாமா, மாமியோடு கல்முனையில் குடியிருந்தேன். மச்சானும் கலியாணம் முடித்தபின் சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டுக்குப் போய்விட்டான். பகல் முழுக்க அவன் கடையில் நிற்பான். நான் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன். பின்னேரங்களில் கடைக்குப் போவேன்.

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி வந்தவனும் மச்சான்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பின்னேரங்களில் சிங்களத்தில் பேசும் கார்ட்டூன் ஒன்று போகும். அதில் ஒரு வாத்து, கிழட்டு வாத்து, பெரும் பணக்காரன். காசுக் குவியலில் நீந்துகிறவன். அவ்வளவு காசும் போனாலும் தாங்குவான். சிறுவயதில் உழைத்த முதல் குற்றி ஒன்றைக் கண்ணாடிக்குள் மெத்தை போட்டு வைத்திருப்பான், அது போனால் மட்டும் தாங்கமாட்டான். அதிர்ஷ்டமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று நம்பி, ஒரு சூனியக்காரி அதைத் திருட வருவாள். திருடுவாள். படம் முடிவதற்குள் வாத்து அதை மீட்டுவிடும்.

மச்சானுக்குக் கொழும்புக்குப் போய்வந்த பழக்கத்தில் சிங்களம் நன்றாக வரும். வீட்டில் மற்ற எவருக்கும் வராது. அவன் தரையில் உட்கார்ந்து எங்களுக்கெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லுவான். ஒருநாள் மாமா பின்னால் வந்து நின்றபோது திரும்பிப் பார்த்தான்.

“வாப்பா, இஞ்ச பாருங்க. ஒங்கள ரீவீல காட்டுறாங்க.”

“என்னையா? அது வாத்தெல்லவா?”

“ஓம். அதுட மூக்குக் கண்ணாடியப் பாருங்களேன். காசிய எண்ணுற எண்ணலப் பாருங்களேன்.”

மாமி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமா முற்றத்துக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை மச்சான் கடிகாரக் கடையிலிருந்து கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தான். எங்கள் கடையிலேயே துண்டு வெல்வெட் வெட்டி உள்ளே போட்டு, லாச்சியிலிருந்து குற்றியை எடுத்துப் புளி போட்டு மினுக்கி, வாடிக்கையாளர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்தான். மாமா, கடையா இது விளையாட்டுச் சாமான் கடையா என்று ஏசினார். ஆனால் எடுக்கவில்லை.

வந்தவர்கள் அது என்னவென்று கேட்டார்கள். மாமா நாவிதன்வெளிக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டி, அதான் ஒங்கட கடைக்கு இந்தப் பரக்கத்து என்றார்கள். அந்த ஆண்டு வியாபாரம் நன்றாகப் போனது. வேறு பல கடைகளுக்கும் நன்றாகத்தான் போனது. ஆனாலும் மாமா காலையில் கடை திறந்ததும், பிஸ்மி சொல்லிக் கண்ணாடியை விரலால் ஒருமுறை தொடத் தொடங்கினார். பகிடிக்காக மகன் செய்த ஒன்றை வாப்பா நம்பத் தொடங்கிவிட்டார். மச்சான் என் காதில் சொல்லிச் சிரிப்பான், இனி சூனியக்காரி வாறது மட்டுந்தான் மிச்சம் என்று.

அடுத்த நோன்பில் மச்சான் பெருநாள் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனான். வேறு இரண்டு வியாபாரிகளோடு சேர்ந்து, சாமான் ஏற்றிய லொறியிலேயே திரும்பி வருவதாக ஏற்பாடு. லொறி வரவில்லை. காட்டுப் பாதையில், கதவுகள் திறந்தபடி, வெறுமையாக நின்றதாகத் தகவல் வந்தது. யார் மறித்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வீதிகளில் இப்படி மறைந்த மனிதர்கள் பலர். மூன்று இனத்திலும் இருந்தார்கள். மாமாவும் நானும் புகைப்படத்தை வைத்துக்கொண்டு முகாம், ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று ஏறி இறங்கினோம். எங்கேயும் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பின், கடையில் பெருநாள் சனம் நெருக்கிக்கொண்டு நின்ற நேரத்தில், மாமி கடைக்குள் வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்தக் கடையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. நேரே லாச்சியடிக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறந்து, குற்றியை எடுத்து, கையில் பொத்திக்கொண்டார். சனம் விலகி வழிவிட்டது. மாமா புடவை அளந்த யார்க்கோலைப் பிடித்தபடியே நின்றார்.

இரவு நோன்பு திறந்தபின்தான் மாமா அவரிடம் கேட்டார். நேர்ச்சைக்கு வேறு காசு கிடையாதா, லாச்சி நிறையக் கிடந்ததே என்று.

“ஒங்களுக்கு நோகாத காசிய முடிஞ்சி என்னத்துக்கு?” என்றார் மாமி.

யாருக்காவது நோய் வந்தாலோ யாராவது தொலைந்துபோனாலோ, ஒரு காசை வெள்ளைத் துணியில் முடிந்து நேர்ந்து வைப்பது எங்கள் பெண்களிடம் இருந்த வழக்கம். காரியம் நடந்தால் கடற்கரைப் பள்ளிவாசலின் உண்டியலில் காசைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்லும் இளம் மௌலவிகள் ஊரில் பெருகிவந்த காலம். மாமி அவர்களோடு வாதாடியதுமில்லை, அவர்களுக்குக் காது கொடுத்ததுமில்லை. ஆனால் அன்று அவர் நேர்ந்த விதத்தில்தான் ஒரு பிசகு நேர்ந்தது. வழக்கமாக, என் மகன் வந்தால் நான் போடுவேன் என்றுதான் நேர்வார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவன் வந்து, அவன்ட கையாலேயே முடிச்ச அவுத்துப் போடுவான் என்று நேர்ந்துவிட்டார். குர்ஆன் வைக்கும் இறாக்கைக்குப் பக்கத்து ஆணியில் அந்தச் சிறிய வெள்ளை முடிச்சைத் தொங்கவிட்டார். அதை அவிழ்க்கக்கூடிய கை ஒன்றே ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அந்த வார்த்தையால் என்னென்ன கட்டப்பட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

கடையில் கண்ணாடிப் பெட்டி வெறுமையாக இருந்தது. மாமா அதை அகற்றவில்லை. வாடிக்கையாளர்கள் பார்த்தும் பார்க்காதவர்களாகப் போனார்கள். வீதி மூடப்படும், திறக்கப்படும். ஊரடங்கு போடுவார்கள், எடுப்பார்கள். எல்லாக் கடைகளும் தளர்ந்தன. மாமா மட்டும் தன் கடை தளர்ந்ததற்குக் காரணம் வேறு என்று வைத்துக்கொண்டார். ஒருமுறை எங்கோ தேடி, அதே மாதிரியான சதுரக் குற்றி ஒன்றை வாங்கி வந்து வெல்வெட்டில் வைத்தார். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. காலையில் விரலை நீட்டுவார், தொடாமல் திரும்ப எடுப்பார். சில நாளில் அதைத் தூக்கி ஒரு பிச்சைக்காரரின் தட்டில் போட்டுவிட்டார். பிச்சைக்காரர், இது செல்லாதே ஹாஜியார் என்று கூப்பிட்டுச் சொன்னார்.

கார்ட்டூனை மட்டும் மாமா விடவில்லை. அது போகிற நாட்களில் அஸர் தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். இப்போது மொழிபெயர்க்க ஆளில்லை. நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, முழங்காலில் கைகளை ஊன்றி, ஒரு வார்த்தை விளங்காமல் கடைசிவரை பார்ப்பார். எல்லாக் கதையிலும் குற்றி வராது. வருகிற நாளில், சூனியக்காரியின் கை கண்ணாடியைத் தூக்கும்போது எழும்பி முற்றத்துக்குப் போவார், திரும்பி வருவார். வாத்து குற்றியை மீட்டு மெத்தையில் வைத்ததும், “கெடச்சிட்டு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஒருநாள் மின்சாரம் படத்தின் நடுவில் நின்றுவிட்டது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மாமி தட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம், இந்த மனிசனுக்கு என்ன செய்யிற மருமகன் என்று மட்டும் கேட்டார்.

இப்படி நான்கைந்து வருடம் போனது.

பிறகு, அதே லொறியில் வந்த இரண்டு வியாபாரிகளில் ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்தார். அவரையும் போனவர் கணக்கில்தான் சேர்த்திருந்தோம். லொறியை மறித்தபோது இருட்டில் குதித்து ஓடி, பயத்தில் புத்தளம் பக்கம் உறவினர் வீட்டில் பெயரை மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பற்றைப் புதருக்குள் கிடந்தபோது, கொண்டுபோனவர்களின் பக்கத்திலிருந்து வெடிச் சத்தம் கேட்டதாகச் சொன்னார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற மாமிதான் கேள்வி கேட்டார்.

“கண்டீங்களா, கேட்டீங்களா?”

“கேட்டன், ராத்தா.”

“கேட்டது அவன்ட சத்தமா, துவக்குச் சத்தமா?”

“துவக்கு.”

“அப்ப ஒங்களுக்கும் தெரியா,” என்றார் மாமி. தேத்தண்ணி அனுப்பி வைத்தார்.

அன்றிலிருந்து வீடு இரண்டாகியது. மாமா மகன் மவுத்தாகிவிட்டான் என்று ஒப்புக்கொண்டார். பள்ளியில் அவனுக்காகக் காயிப் ஜனாஸா தொழுவிக்க வேண்டும் என்றார். உடல் இல்லாதவர்களுக்காகத் தொழுகிற தொழுகை அது. மாமி கூடாது என்றார். முடிச்சு ஆணியில் தொங்கியது. மாமா சத்தம் போடுகிற மனிதரல்ல. மறுபடி மறுபடி அதே சொற்களில், அதே நிதானத்தில் கேட்டார். அதே நிதானத்தில் மாமியும் மறுத்தார்.

இது இரண்டு பேரின் காரியம் மட்டுமாக இருந்திருந்தால் இப்படியே கிடந்திருக்கும். சாய்ந்தமருதில் மச்சானின் மனைவி இருந்தாள். அவன் போகும்போது அவர்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை, பிள்ளையும் இல்லை. அவள் புருஷனுள்ள பெண்ணுமில்லை, கைம்பெண்ணுமில்லை. கைம்பெண் ஒதுங்கியிருக்கும் இத்தாவை இருந்து முடிக்கவும் முடியாது, இன்னொரு நிக்காஹ் செய்யவும் முடியாது. அவளுடைய வாப்பாவுக்கு நெஞ்சு நோய். தான் கண்ணை மூடுமுன் மகளை ஒருவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அலைந்தார். பொத்துவிலில் மனைவியை இழந்த ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தபடியால் முடிவில்லாமல் காத்திருக்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அவளுடைய வாப்பா, எங்கள் கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போனார். காதியார் பொறுமையானவர். திரும்பி வந்த வியாபாரியையும் மாமாவையும் கூப்பிட்டு விசாரித்தார். கண்டவர் ஒருவருமில்லை, பெற்ற தாய், மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் எப்படி மவுத்து என்று எழுதுவது என்று கேட்டார். வேறு வழியால் திருமணத்தைப் பிரித்துவிடலாம் என்றும் சொன்னார். அவளுடைய வாப்பா அதை ஏற்கவில்லை. புருஷன் செலவு கொடுக்காமல் விட்டுப் போனான் என்று தன் மகள் வாயால் சொல்ல வேண்டிவரும். செத்துப்போன ஒரு நல்ல பிள்ளையின் மேல் அப்படி ஒரு சொல் வரக்கூடாது என்றார். அதில் அவர் சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆகவே எல்லாம் மாமியின் ஒரு வாக்கில் வந்து நின்றது.

அவளுடைய வாப்பா வந்து கேட்ட அன்று மாமி வெளியே வரவில்லை. முடிச்சு முடிஞ்சபடி கெடக்கு, நான் எப்பிடிச் சொல்லுற என்று என் மனைவியிடம் சொல்லியனுப்பினார். அந்த மனிதர் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நான் அவரை வீதிவரை கைபிடித்துக் கூட்டிப் போனேன். அந்த அஞ்சி சதத்துக்குள்ள என்ட புள்ளயும் சேந்து கெடக்கு மகன் என்றார்.

மச்சானின் மனைவி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமியைப் பார்க்க வருவாள். வந்த நாளிலிருந்து ஒருதடவைகூட இதைப்பற்றி அவள் வாய் திறந்ததில்லை. வந்தால் குசினியில் மாமியோடு மீன் வெட்டுவாள், அரிசி புடைப்பாள், அஸருக்குப் பிறகு போய்விடுவாள். அடுத்த வெள்ளியும் வந்தாள். நான் அன்று வீட்டில் இருந்தேன். குசினிக்கு அடுத்த அறை என்னுடையது. முறத்தின் சத்தம் நின்றபோது மாமியின் குரல் கேட்டது.

“புள்ள, ஒனக்கு அவன்ட முகம் ஞாபகமா?”



“போட்டோவப் பாத்தா ஞாபகம் வரும், மாமி.”

“பாக்காட்டி?”

“பாக்காட்டி வராது. நானும் பாத்துட்டன். கண்ண மூடிக்கிட்டுப் பாத்தா வேற ஆரோட முகமெல்லாம் வருது. குரல் மட்டும் கொஞ்சம் கெடக்கு.”

“எனக்கு முகம் கெடக்கு,” என்றார் மாமி. “எனக்குப் போட்டோ வேணா.”

அதற்குப் பிறகு அரிசி புடைக்கிற சத்தம்தான் கேட்டது. அவள் போகும்போது மாமி வாசல்வரை வந்து, அவளுடைய முந்தானையைத் தலையில் இழுத்துச் சரிப்படுத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, காதியாரிட்டப் போகணும், நாள் கேளுங்க என்றார்.

போன அன்று மாமா, அவளுடைய வாப்பா, மாமி, நான் என நான்கு பேர். காதியார் மாமிக்குத் தனியாக நாற்காலி போடச் சொன்னார். அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். தாயாக உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும், இது சத்தியத்தோடு சொல்லுகிற காரியம் என்றும் விளக்கினார். மாமி தரையைப் பார்த்தபடி இருந்தார். கறுப்பு முந்தானைக்கு வெளியே அவருடைய கைவிரல்கள் மட்டும் தெரிந்தன.

“வல்லாஹி, என்ட மகன் மவுத்தாகிட்டான். எனக்குத் தெரியும்.”

இரண்டாம் தடவை கேட்கப்படவில்லை. மாமா அழுதார், காதியாரின் முன்னால் வாய்விட்டு, தோள் குலுங்க அழுதார். அவளுடைய வாப்பா மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மாமி அழவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா நேரே இறாக்கையடிக்குப் போய் ஆணியை நோக்கிக் கை நீட்டினார்.

“அதுல கை வைக்காதீங்க,” என்றார் மாமி.

“சொல்லிட்டாயே புள்ள. இனி என்னத்துக்கு அது?”

“நான் நேந்தது. நான் இரிக்குமட்டும் கெடக்கட்டும்.”

மாமா கையை எடுத்துக்கொண்டார். பெற்றவளின் துயரம் என்று நினைத்திருப்பார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அந்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதோம். சாய்ந்தமருதில் மச்சானின் மனைவி வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தாள்.

தொழுகை முடிந்த மறுநாள் மாமி என்னைக் கூப்பிட்டு, சாப்பாடு கொடுக்க வேண்டும், ஆள் கூட்டி வாருங்கள் என்றார். மவுத்தானவர் பேரில் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுப்பது வழக்கம்தான். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சொந்தக்காரர் பெயர்களிலிருந்து தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

“சொந்தம் ஒருத்தரும் வேணா. பத்துப் பேரு. ஏழைப்பட்ட ஆக்கள். தொழுகிற ஆக்களாப் பாருங்க.”

“கத்தத்துக்குச் சொந்தக்காரங்க வராட்டி ஊர் என்ன சொல்லும், மாமி?”

“கத்தம் இல்ல, மருமகன்.”

குசினியில் வேறு யாருமில்லை. அவர் உலைக்கு அரிசி அளந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அல்லாட பேரால சத்தியம் செஞ்சிட்டன். அவன் உசிரோட இரிக்கான். அந்தப் புள்ள கெடந்து நாசமாகக் கூடாண்டு சொன்ன சொல்லு அது. பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமாக் கப்பாறா இரிக்கி. பத்து ஏழைக்குச் சோறு. ஒங்கட மாமாக்கிட்டச் சொல்லாதீங்க. அவரு அழுது இப்பதான் கொஞ்சம் ஆறியிரிக்காரு.”

மாமி அரிசிக்குள் கையை விட்டு, கல் இருக்கிறதா என்று பார்த்தார். நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். அவர் எனக்குக் கொடுத்தது சுருக்கமான ஒரு வேலை. அதை ஒழுங்காகச் செய்வதென்று முடிவெடுத்தேன். வலை இழுக்கிறவர்கள், கூலிக்கு விறகு பிளக்கிறவர்கள், சந்தையில் மூட்டை சுமக்கிறவர்கள் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். அவர்களில் எவரும் எங்களுக்கு உறவு அல்ல என்று உறுதி செய்துகொண்டேன். சொந்தமாகப் படகோ வயலோ உள்ளவர்களை விட்டேன். பத்துப் பேர் சேர்ந்தார்கள். எல்லோரிடமும் மவுத்து வீட்டுச் சாப்பாடு என்றுதான் சொல்ல முடிந்தது. பாவம், மகன் மவுத்தான வீடு என்று அவர்கள் தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். இரண்டு சஹன் வைத்தால் பன்னிரண்டு பேர். மாமா ஆட்களைப் பார்த்துவிட்டு, தட்டுக்கு ஒரு ஆள் குறைகிறதே, வீதியில் யாரையாவது கூப்பிடுவோமா என்று கேட்டார். உள்ளிருந்து மாமி, வேணா, வீட்டாக்கள் இரிங்க என்றார். அதனால் ஒரு தட்டில் மாமா உட்கார்ந்தார், மற்றதில் நான்.

ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும். மாமா தன் முன்னால் கிடந்த நல்ல துண்டுகளைப் பிய்த்துப் பக்கத்தில் இருந்த கிழவரின் பக்கம் தள்ளினார். அந்தக் கிழவர், ஒங்கட மகன் சின்ன வயசில கடற்கரைல பந்தடிக்க வாற, நல்ல புள்ள, அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தக் குடுக்கட்டும் என்றார். சாப்பிட்டு முடிந்து கை கழுவியதும் மாமா துஆ ஓதினார். மகனின் பெயரைச் சொல்லி, அவனுடைய பாவங்களை மன்னிக்கும்படியும், மண்ணறையான கபுறை விசாலமாக்கும்படியும் கேட்டார். கபுறு எங்கே இருக்கிறது என்று தெரியாதபடியால் அதை மட்டும் இரண்டுமுறை கேட்டார். பத்துப் பேரும் உரக்க ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

சஹன்களை நான்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். மாமி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். துஆவுக்குக் கை ஏந்தியவர் போலத் தெரியவில்லை; ஒரு கையில் கரண்டி இருந்தது.

“பத்துப் பேரும் வயிறு நெறஞ்சி தின்டாங்களா?”

“ஓம் மாமி. ஒருத்தருக்கும் கொறயில்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, மிச்சச் சோற்றைத் தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடினார். மூடிய தட்டை அலுமாரியின் மேல்தட்டில், பூனைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.